கொலைஞர் இணையரும் பார்வையாளர் அனுதாபமும்: ‘த ஹனிமூன் கில்லர்ஸ்’ திரைப்படத்தை முன்வைத்துச் சில கருத்துக்கள்

1. சிக்கல்

கொலை செய்தவர் மீது இரக்கங் கொள்ளலாமா என்ற வினா நீதிமன்றத்தில் எழும்போது அதற்குச் சட்டம் வகுத்த வழிமுறை ஒன்றுண்டு. சான்றுகள் முன்வைக்கப்படும், இரு பக்கமும் பேசப்படும், தீர்ப்பு வழங்கப்படும். திரையரங்கில் அவ்வினா எழும்போது நாம் அத்தகைய பாதுகாப்பு எதுவுமின்றி நிற்கிறோம். ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கொலைஞரோடு இருக்கிறோம். அவர்கள் உண்பதையும் ஊடுவதையும் கனவு காண்பதையும் பார்க்கிறோம். அவர்கள் அகப்பட்டுவிடுவார்களோ என அவர்களுக்காக அஞ்சவும் செய்கிறோம். விளக்குகள் எரிந்த பின்னரே நாம் யாருக்காக அஞ்சினோம் என்ற எண்ணம் எழுகிறது.

திகில் திரைப்படத்தில் நாம் வில்லன் என்று வழங்கும் பாத்திரத்தை அனுதாபத்துக்குரியவராகப் படைப்பது புதிய உத்தியன்று. ஆயினும் கொலைஞர் ஒருவரல்லர், காதலாற் பிணைந்த இருவர் என்னும்போது இவ்வுத்தி தனியான வலிமை பெறுகின்றது. தனித்த கொலைஞனை நாம் வெளியே நின்று பார்க்கலாம். இணையரையோ அவர்தம் உறவுக்குள்ளிருந்தே பார்க்க நேரிடுகின்றது. காதலர் வாழவேண்டும் என்பது கதை கேட்போரிடம் ஆழ வேரூன்றிய விருப்பம். அவ்விருப்பத்தைக் கொலையின் பக்கம் திருப்பிவிடுவதே இவ்வகைப் படங்களின் செயல்முறை எனலாம்.

முற்போக்கு விமர்சகருக்கு இது வெறும் உத்திப் பிரச்சினையன்று. குற்றத்தின் வேரைச் சமூகத்திற் காண்பது நமது விமர்சன மரபு. அது சரியானதுமாகும். ஆனால், ‘சமூகமே குற்றவாளி’ என்ற வாய்பாட்டை நாம் எளிதாகக் கையாளும்போது ஒருவர் நம் கண்ணினின்றும் மறைந்துவிடுகிறார், அவர் கொலையுண்டவர். கொலைஞரை விளங்கிக்கொள்ளும் முயற்சியிற் கொலையுண்டவரை இரண்டாம் முறையும் இழந்துவிடுகிறோமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் வினா. அதற்கு 1970 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ‘த ஹனிமூன் கில்லர்ஸ்’, அதாவது ‘தேனிலவுக் கொலைஞர்’, என்ற படத்தை எடுத்துக்கொள்கிறோம். லெனாட் காஸில் எழுதி நெறிப்படுத்திய அப்படம் இவ்வினாவைத் தவிர்க்காது எதிர்கொள்வதாக நாம் கருதுகிறோம்.

2. அனுதாபம் பற்றிய இரு மரபுகள்

அரிஸ்ரோட்டில் தமது கவிதையியலில் இரக்கத்துக்கு ஓர் எல்லை வகுத்தார். தகுதியின்றித் துன்புறுபவனிடத்தே இரக்கமும், நம்மை ஒத்தவன் துன்புறுமிடத்தே அச்சமும் பிறக்கும் என்றும், முற்றிலும் தீயவன் வீழ்வதைக் காட்டும் கதை இவ்விரண்டையும் பிறப்பிக்காது என்றும் அவர் கூறினார். இதன்படி நோக்கினால் பணத்துக்காகப் பெண்களைக் கொல்லும் இருவர் துன்பியலுக்குரிய பாத்திரங்களே அல்லர்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வேறொரு வழியைத் திறந்துவிடுகின்றது. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு அது கூறும் நிலைக்களன்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இவற்றுள் முதலில் வைக்கப்பட்டது இளிவு. பிறரால் இகழப்பட்டு எளியராதல். இங்கே ஒருவர் நல்லவரா தீயவரா என்ற வினா முதலில் எழவில்லை. அவருக்கு நேர்ந்தது என்ன என்பதே முதலில் நோக்கப்படுகின்றது. இகழப்பட்டவர் பிறகு என்ன செய்தார் என்பது வேறு வினா. இவ்விரு வினாக்களையும் ஒன்றோடொன்று கலந்துவிடாதிருத்தல் நமது ஆய்வுக்கு மிகவும் வேண்டப்படுவதொன்றாகும். காஸிலின் படம் மார்த்தா என்ற பெண்ணின் இளிவிலிருந்து தொடங்குகின்றது. ஆனால் அவ்விளிவை அவள் செயலுக்கு விலையாகச் செலுத்த மறுக்கின்றது.

3. ஹொலிவூட்டிற் கொலைஞர் இணை

ஹொலிவூட் பல ஆண்டுகள் அரிஸ்ரோட்டிலின் எல்லையைவிடக் கடுமையானதோர் எல்லைக்குட் செயற்பட்டது. 1930 இல் வகுக்கப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு ஒழுக்கக்கோவை, பார்வையாளரின் அனுதாபம் ஒருபோதும் குற்றத்தின் பக்கம் சாயலாகாது என்பதைத் தன் பொதுக்கொள்கைகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. படைப்பாளர் அதனை நேரடியாக மீறவில்லை, வளைத்துச் சென்றனர்.

பில்லி வைல்டர் நெறிப்படுத்திய ‘டபிள் இன்டெம்னிற்றி’ (1944) இதற்குத் தக்க சான்று. காப்புறுதி முகவன் ஒருவனும் அவனது வாடிக்கையாளரின் மனைவியும் சேர்ந்து அவ்வாடிக்கையாளரைக் கொன்று விபத்துக் காப்புறுதிப் பணத்தைப் பெற முயல்கின்றனர். ஈற்றில் இருவரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கின்றனர், கோவை நிறைவேறிவிட்டது. ஆனால் கதை முழுவதும் முகவனின் ஒப்புதல் வாக்குமூலமாகவே சொல்லப்படுகின்றது. அவன் குரலே நம் செவியிற் கேட்கும் குரல். கொலை முடிந்ததும் அவர்களது மோட்டார் வண்டி இயங்க மறுக்கும் கணத்தில், அது இயங்கவேண்டும் என்று நாமும் விரும்புகிறோம். கதை சொல்லும் உரிமையைக் கொலைஞனுக்கு அளித்ததன் மூலம் வைல்டர் அனுதாபத்தைப் பின்கதவால் உள்ளே கொணர்ந்தார்.

ஆர்தர் பென் நெறிப்படுத்திய ‘போனி அன்ட் கிளைட்’ (1967) முன்கதவையே திறந்துவிட்டது. அடுத்த ஆண்டிலே பழைய கோவை கைவிடப்பட்டு வயதுத் தரப்படுத்தல் முறை வந்தது. 1930 களின் பொருளாதார மந்தத்தில், வங்கியிடம் வீட்டைப் பறிகொடுத்த விவசாயி ஒருவனோடு கொள்ளையர் சந்திக்கும் காட்சி அப்படத்தின் திறவுகோல். அக்காட்சிக்குப் பின் அவர்கள் கொள்ளையிடுவது வங்கியை. வங்கியோ மக்களின் பகைவன். எனவே அவர்கள் நம்மவராகி விடுகின்றனர். அத்தோடு அவர்கள் அழகானவர்கள். பே டனவேயும் வாரன் பீற்றியும் அணிந்த உடைகள் அக்கால நாகரிகமாகவே மாறின. 1934 மே 23 ஆம் திகதி லூசியானாவில் நிகழ்ந்த அவர்களது மரணம் படத்தில் மெதுவான அசைவில் ஒரு நடனம் போல நிகழ்கின்றது.

அப்படத்தின் சமூக விமர்சனத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அதில் ஓடும் வண்டியின் படியில் தாவி ஏறி முகத்தில் வெடிபட்டுச் சாகும் வங்கி ஊழியன் யார்? அவனுக்கு வீடு உண்டா, மனைவி உண்டா? படம் அதிர்ச்சியோடு அவனைக் காட்டுகின்றது. ஆனால் அவனோடு தங்குவதில்லை. அழகினாற் பெறப்பட்ட அனுதாபத்துக்கு அழகற்றவர் கொடுத்த விலை இது.

4. நிகழ்வும் படமும்

காஸில் ஓர் இசைநாடக ஆக்குநர். இப்படத்துக்கு முன்னரோ பின்னரோ அவர் வேறு படம் எதனையும் நெறிப்படுத்தவில்லை. தொலைக்காட்சித் தயாரிப்பாளரான வாரன் ஸ்ரைபெல் மிகச் சிறிய முதலீட்டில் இதனைத் தயாரித்தார். முதலில் நெறியாள்கைப் பொறுப்பை ஏற்றிருந்த இளைஞர் மார்ட்டின் ஸ்கோர்சேசி. படப்பிடிப்புத் தொடங்கிச் சில நாட்களில் அவர் நீக்கப்பட்டார். எழுத்தாளராக இருந்த காஸில் பின்னர் நெறியாளரானார். ‘போனி அன்ட் கிளைட்’ படம் கொலைஞரை அழகுபடுத்தியதை அவர் வெறுத்தார் என்பதும், அதற்கு எதிர்விடையாகவே தமது படத்தைக் கருதினார் என்பதும் அவரே வெளிப்படுத்திய செய்திகள். கறுப்பு வெள்ளையில், வீட்டு விளக்கின் வெறும் ஒளியிற் படமாக்கப்பட்டது போன்ற தோற்றமுடைய இப்படத்தைப் பிரெஞ்சு நெறியாளர் பிரான்சுவா த்ரூபோ தமக்கு மிக விருப்பமான அமெரிக்கப் படமெனப் பாராட்டினார்.

படத்துக்கு அடிப்படையானது உண்மை நிகழ்வு. தாதியாகிய மார்த்தா பெக், ரேமண்ட் பெர்ணாண்டஸ் என்ற இருவரும் 1940 களின் பிற்பகுதியில், துணை தேடுவோர் முகவரிகளைப் பரிமாறும் சங்கங்களினூடாகப் பெண்களைத் தேடினர். ரேமண்ட் காதலனாகவும் மார்த்தா அவனது சகோதரியாகவும் நடித்தனர். 1949 இல் மிச்சிகன் மாநிலத்தில் விதவை ஒருத்தியும் அவளது சிறு மகளும் கொல்லப்பட்ட பின்னர் இருவரும் கைதாயினர். மிச்சிகனில் மரணதண்டனை இல்லை. எனவே நியூயோர்க் மாநிலத்தில் நிகழ்ந்த கொலையொன்றுக்காக அங்கு கொண்டுசெல்லப்பட்டு விசாரிக்கப்பட்டனர். 1951 மார்ச் 8 ஆம் திகதி சிங் சிங் சிறைச்சாலையில் மின்கதிரையில் இருவரும் கொல்லப்பட்டனர். வழக்குக் காலத்திற் பத்திரிகைகள் மார்த்தாவின் குற்றத்தை மட்டுமன்றி அவளது உடற்பருமனையும் நகைப்புக்குரிய பொருளாக்கின. இளிவு சிறைவாயில் வரை அவளைத் தொடர்ந்தது.

வரலாற்றைப் படம் எவ்வாறு மாற்றியது என்பது நோக்கற்பாலது. உண்மை வாழ்விலே மார்த்தாவுக்குப் பிள்ளைகள் இருவர். ரேமண்டோடு வாழ்வதற்காக அவள் அவர்களைக் கைவிட்டாள். படத்திற் பிள்ளைகள் இல்லை. முதிய தாயே இருக்கிறாள். மார்த்தா அவளை முதியோர் இல்லத்தில் விட்டுச்செல்ல, தாய் மகளைச் சபிக்கிறாள். பிள்ளைகளைக் கைவிட்டவள் எனத் தொடங்கினால் பார்வையாளர் அவளை முதலிலேயே விலக்கிவிடுவர். தாயின் சுமையினின்றும் விடுபட விழையும் முதிர்கன்னியாக அவளைக் காட்டும்போது நாம் தயங்கி நிற்கிறோம். அனுதாபம் என்பது இயல்பாகச் சுரப்பதன்று. தெரிவும் நீக்கமும் கொண்டு கட்டப்படுவது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5. தனிமையின் சந்தை

படத்தின் முதற்பகுதி ஒரு தாதியின் வாழ்வைச் சுருக்கமாகக் காட்டுகின்றது. அலபாமா மாநிலத்து வைத்தியசாலை ஒன்றில் மார்த்தா கடுகடுப்பான தலைமைத் தாதி. வேலைமுடிந்து வீடு சென்றால் நச்சரிக்கும் தாய், தின்பண்டங்கள், வெறும் மாலைப்பொழுது. அவள் சார்பில் முகவரிச் சங்கத்துக்கு எழுதிவிடுபவள் அயலில் வாழும் தோழி. முதலிற் சினந்த மார்த்தா, நியூயோர்க்கிலிருந்து ரே எழுதிய கடிதம் வந்ததும் மாறுகிறாள். கடிதங்கள் குரலாக ஒலிக்க, வைத்தியசாலையின் நடைபாதைகளில் அவள் நடக்கும் நடையே வேறாகிறது. ஷேர்லி ஸ்ரோலரின் நடிப்பு இங்கே வியக்கத்தக்கது. பெரிய அழுகையோ சிரிப்போ இன்றி, கண்களிலும் உதட்டோரத்திலும் ஒரு பெண் இளமை திரும்புவதை அவர் காட்டிவிடுகிறார். மாலரின் சிம்பொனி இசை இச்சிறு வாழ்வுக்குப் பொருந்தாத பேரளவில் ஒலிக்கின்றது. அப்பொருத்தமின்மை நகைப்புக்கும் இடந்தருகின்றது; அவளது உள்ளத்தில் நிகழ்வது அப்பேரளவினதே என்பதையும் உணர்த்துகின்றது.

ரே ஒருமுறை வந்து போகிறான். பின்னர் உறவை முறித்து எழுதுகிறான். தற்கொலை முயற்சி என்ற பொய்யினால் மார்த்தா அவனைத் திரும்பப் பெறுகிறாள். நியூயோர்க்கில் அவனது தொழிலை அவனே வெளிப்படுத்துகிறான்: தனித்த பெண்களைக் காதலித்து, அல்லது மணந்து, அவர்களது பணத்தோடு மறைவதே அவனது பிழைப்பு. இங்கேதான் கதையின் திருப்பம். மார்த்தா வெளியேறவில்லை, தொழிலிற் பங்காளியாகிறாள்.

இதனை உளநோயாகவோ காமத்தின் குருட்டுத்தனமாகவோ மட்டும் விளக்குவது போதாது. முகவரிச் சங்கம் ஒரு வாணிபம். அது விற்கும் பண்டம் தனிமை. அல்லது தனிமை தீரும் என்ற நம்பிக்கை. கட்டணம் செலுத்தியவளுக்கு முகவரி கிடைக்கின்றது. ரே இச்சந்தையில் உழைப்பவன். ஒரே சொற்களைப் பல பெண்களுக்கு எழுதுவது அவனது அன்றாட வேலை. மார்த்தா இச்சந்தைக்கு வாங்குபவளாக வந்தாள். தான் பெற்ற கடிதம் தனக்கென எழுதப்பட்டதன்று, உற்பத்தி செய்யப்பட்டது என்பதை அறிந்தாள். அறிந்தபின் அவள் முன் இருந்த வழிகள் இரண்டு: ஏமாந்தவளாகத் தாயிடம் திரும்புதல், அல்லது விற்பவரின் பக்கம் சென்றுவிடுதல். ஏமாந்தவளே ஏமாற்றுபவளாவது முதலாளித்துவச் சந்தையில் அரிய நிகழ்ச்சியன்று. அந்நியமாதல் என நாம் கோட்பாட்டளவிற் கூறுவது இங்கே ஒரு தாதியின் முகத்திற் காணக்கிடைக்கின்றது.

அவர்களது கனவுங்கூடத் தனித்துவமானதன்று. பெண்களின் பணத்தைக் கொண்டு அவர்கள் அடைய விரும்புவது நியூயோர்க்குக்கு வெளியே லோங் ஐலன்டில் ஒரு புறநகர் வீடு. போருக்குப் பிந்திய அமெரிக்காவில் அது கோடிக்கணக்கானோரின் கனவு. லெவிற்றவுண் என்ற பெயரில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் 1947 முதல் எழுந்ததும் அதே லோங் ஐலன்டிலேயே. படத்தில் அத்தகைய வீடு அவர்களுக்குக் கிடைக்கின்றது. அதன் நிலவறையிற் பிணம் புதைக்கப்படுகின்றது. உருவகமாக விளக்கவேண்டிய தேவையே இல்லாதவாறு இக்காட்சி வெறும் மண்வெட்டி வேலையாகக் காட்டப்பட்டுள்ளது.

6. நமது சலிப்பும் அவர்களது கண்களும்

இதுவரை கூறியது கொலைஞர் மீதான அனுதாபம் கட்டப்படும் முறை. இங்கு படம் நின்றிருந்தால் அது ‘சமூகமே குற்றவாளி’ என்ற வாய்பாட்டுக்கு இன்னுமோர் எடுத்துக்காட்டாகவே அமைந்திருக்கும். ஆனால் காஸில் இதற்கு எதிரான இன்னொரு செயல்முறையையும் உடன் நிகழ்த்துகிறார்.

ரே தேடிச்செல்லும் பெண்களைப் படம் முதலிற் சற்றே நகைப்புக்குரியவராகவே காட்டுகின்றது. ஒருத்தி வாய் ஓயாது பேசுகிறாள். இன்னொருத்தி பிறன் ஒருவனாற் கருவுற்று, அதனை மறைக்கக் கணவன் தேடுகிறாள். அறுபதைக் கடந்த ஜேனட் பக்தி மிக்கவள், சிக்கனக்காரி, இளம் மணமகள் போல நாணுபவள். மார்த்தாவின் கண்கொண்டு பார்க்கும் நாம் இவர்கள்மீது சலிப்புறுகிறோம். இவள் எப்போது போவாள் என்ற மார்த்தாவின் எரிச்சல் நமது எரிச்சலாகிறது. பார்வையாளர் சிரிக்கின்றனர்.

ஜேனட் கொலையாகும் காட்சியில் இச்சிரிப்பு நம்மிடமே திருப்பித் தரப்படுகின்றது. இரவில் அவள் ஐயங்கொள்கிறாள், அச்சம் மிகுகிறது, மார்த்தா சுத்தியலால் அடிக்கிறாள். அடியோடு உயிர் போய்விடவில்லை. அதன்பின் நிகழும் கழுத்து நெரிப்பு, திகில் படங்களில் நாம் பழகிய விரைவான வெட்டுக்களின்றி, தாங்கவொண்ணாத நீட்சியோடு நிகழ்கின்றது. சற்றுமுன் நகைப்புக்குரியவளாக இருந்த முதியவள் உயிருக்குப் போராடும் மனிதப்பிறவியாகத் திரையை நிறைக்கிறாள். அவள் போகவேண்டும் என்று நாம் விரும்பினோம். அவள் போகும் முறை இது எனப் படம் காட்டுகின்றது. குற்றம் செய்தவர் அவர்கள். ஆனால் ஒரு மனித உயிரைத் தொல்லை எனக் கருதும் மனநிலை நம்மிடமும் சில நிமிடங்கள் குடியிருந்தது. கொலையின் முதற்படி அதுவே.

மிச்சிகன் விதவை டெல்பைனின் மரணம் இதனிலும் கொடியது. மார்த்தா கொடுத்த மாத்திரைகளால் மயங்கிக் கிடக்கும் அவளருகே நின்று இருவரும் அடுத்துச் செய்யவேண்டியதைப் பேசுகின்றனர். கமரா பேசுவோரைக் காட்டாது அவளது கண்களை அண்மையிற் காட்டுகின்றது. உடல் அசையவில்லை, கண்கள் மட்டும் பேசுவோரிடையே அங்குமிங்கும் அசைகின்றன. அவளுக்கு எல்லாம் கேட்கின்றது. ஒரு வெடி, கண்கள் நிலைக்கின்றன. அதன்பின் மார்த்தா அவளது சிறு மகளை நிலவறைக்கு அழைத்துச் செல்கிறாள். அக்கொலை திரையிற் காட்டப்படவில்லை.

இவ்விரு தெரிவுகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். முதியவளின் மரணம் முழுமையாகக் காட்டப்படுகிறது. குழந்தையின் மரணம் மறைக்கப்படுகிறது. முன்னதை மறைத்திருந்தால் நமது சலிப்பு தண்டனையின்றித் தப்பியிருக்கும். பின்னதைக் காட்டியிருந்தால் அது வேடிக்கைப் பொருளாகியிருக்கும். எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது அழகியற் பிரச்சினை போலத் தோன்றினும் அடிப்படையில் அறப்பிரச்சினையே என்பதைக் காஸில் அறிந்திருந்தார்.

டெல்பைனின் கண்கள் இப்படத்தின் மையம் என நாம் கருதுகிறோம். அதுவரை மார்த்தாவின் பார்வையே நமது பார்வையாக இருந்தது. அக்கணத்தில் கமரா பக்கம் மாறுகின்றது. நாம் முதன்முறையாகக் கொல்லப்படுபவளோடு சேர்ந்து, அந்த இருவரின் பேச்சை வெளியிலிருந்து கேட்கிறோம். நாம் அனுதாபங்கொண்ட இருவரின் குரல்கள் கட்டிலிற் கிடப்பவளுக்கு எவ்வாறு ஒலிக்கும் என்பதை அறிகிறோம்.

7. மீறப்பட்ட வாக்குறுதி

மணம்புரியும் பெண்களோடு உடலுறவு கொள்வதில்லை என்று ரே மார்த்தாவுக்கு வாக்களித்திருக்கிறான். மணமகளையும் அவனையும் தனித்திருக்க விடாது தடுப்பதற்கு அவள் படும் பாடு படத்தின் நகைச்சுவைக்கும் துயரத்துக்கும் ஒருசேர ஊற்றாகிறது. ஒரு முறை வாக்குறுதி மீறப்படுவதைக் கண்டு அவள் நீரில் மூழ்கிச் சாகவும் முயல்கிறாள். டெல்பைன் தான் ரேயினாற் கருவுற்றிருப்பதை மார்த்தாவிடமே நம்பிக் கூறும்போது எல்லாம் முடிந்துவிடுகின்றது. இரு கொலைகளுக்கும் பின் மார்த்தா தானே பொலிசாருக்குத் தொலைபேசியில் அறிவிக்கிறாள்.

இது படத்தின் கற்பனை. உண்மை வாழ்வில் அவர்கள் தம்மைத் தாமே ஒப்படைக்கவில்லை. இம்மாற்றத்தைச் சிலர் மார்த்தாவுக்கு அளிக்கப்பட்ட மீட்சி எனக் கொள்ளக்கூடும். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. அவள் அறிவிப்பது குழந்தையைக் கொன்றதற்காக அன்று, வாக்குறுதி பொய்த்ததற்காக. கொலை அவளது மனச்சாட்சியைத் தொடவில்லை, துரோகமே தொட்டது. எல்லா உறவுகளும் பணமாகிவிட்ட உலகில் ஒரேயோர் உறவை மட்டும் பணத்துக்கு அப்பால் வைத்துக் காத்தாள். அதைக் காப்பதற்கு மற்றெல்லா மனிதரையும் பொருளாக்கினாள். அவளது காதல் உண்மையானது; அவ்வுண்மையே அவளது கொடுமைக்கும் ஊற்று. இறுதியிற் சிறையில் ரேயின் காதற்கடிதம் அவளுக்குக் கிடைக்கின்றது. முதற்கடிதத்தைப் போன்றே இதுவும் உற்பத்திதானா, அன்றி இம்முறை அவளுக்கென எழுதப்பட்டதா? படம் விடை கூறவில்லை. கூறாமை நன்றே.

8. படத்தின் குறைகள்

இப்படம் குறையற்றதன்று. மார்த்தாவின் உடலை இகழ்ந்த சமூகத்தை அது சாடுகின்றது; ஆயினும் தின்பண்டமும் கையுமாக அவளைக் காட்டும் இடங்களில் அதே இகழ்ச்சியைத் தானும் பயன்படுத்துகின்றது. முதுமையிற் காதல் நாடும் பெண்களின் விருப்பத்தை நகைப்புக்குரியதாக்குவதன் மூலமே நமது சலிப்பை அது எழுப்புகின்றது; அச்சலிப்பைப் பின்னர் தண்டித்தாலும் நகைப்பு நிகழ்ந்துவிட்டது. பேரழகியல்லாத நடிகையைத் தொழில்துறை எவ்வாறு நோக்கியது என்பதும் சிந்திக்கத்தக்கது. ஸ்ரோலரின் பெயர் மீண்டும் பரவலாகப் பேசப்பட்டது லீனா வெர்ட்முல்லரின் ‘செவென் பியூட்டீஸ்’ (1975) படத்திலே. அங்கு அவருக்கு அளிக்கப்பட்டது நாசி வதைமுகாம் அதிகாரியின் பாத்திரம்.

மறுபுறம், மார்த்தாவை வெறும் பலியாளாகக் காண்பதற்குப் படம் தானே தடையிடுகின்றது. வைத்தியசாலையில் தன்னை வேலைநீக்கம் செய்யும் யூத அதிகாரியிடம், ஹிட்லர் செய்தது சரிதானோ என்னும் பொருள்பட அவள் பேசுகிறாள். போர் முடிந்து சில ஆண்டுகளே கடந்த காலத்தில் நிகழும் கதையில் இச்சொற்கள் தற்செயலானவை அல்ல. இழிவுபடுத்தப்பட்டவள் தன்னினும் இழிவுபடுத்தப்பட்டோரைத் தேடிக் கண்டு மிதிக்கிறாள். ஒடுக்கப்பட்டோர் என்பதனாலேயே ஒருவர் நீதியின் பக்கம் நிற்பர் என்ற எளிய நம்பிக்கைக்கு இது எச்சரிக்கையாகும்.

இதே நிகழ்வை மெக்சிக்கோ மண்ணுக்கு மாற்றி ஆர்த்துரோ ரிப்ஸ்ரைன் 1996 இல் எடுத்த ‘ப்ரொபுந்தோ கார்மெசி’ என்ற படத்தோடு ஒப்பிடுவது பயன்தரும். காஸில் நீக்கிய பிள்ளைகளை ரிப்ஸ்ரைன் மீண்டும் கொண்டுவருகிறார். கதாநாயகி கோரல் தன் பிள்ளைகளைக் கைவிடுவதை நாம் நேரிற் காண்கிறோம். அவளது காதலனோ தன் வழுக்கையைப் பொய்முடியால் மறைத்து நாணுபவன். காஸில் தயங்கி நீக்கியதை முன்னிலையில் வைத்த பின்னரும் அனுதாபம் அழியவில்லை. ஈற்றில் பொலிசார் வழக்கும் விசாரணையுமின்றி இருவரையும் சுட்டுக்கொல்லும்போது, சட்டத்தின் பெயரால் நிகழும் கொலையும் கொலையே என்ற உணர்வு எழுகின்றது. குற்றத்தை மறைக்காது காட்டினாலும் அனுதாபம் இயலும் என்பதை ரிப்ஸ்ரைன் மெய்ப்பித்தார்.

9. முடிவுரை

அனுதாபம் வேறு, மன்னிப்பு வேறு, விளக்கம் வேறு. இம்மூன்றையும் ஒன்றாக்கிவிடும் படங்கள் நம்மை மகிழ்விக்கின்றன. வேறுபடுத்திக் காட்டும் படங்கள் நம்மைத் துன்புறுத்துகின்றன. கொலைஞரின் துன்பத்தைச் சமூகத்தின் விளைவாக விளக்கும் கடமையை நாம் கைவிடவேண்டியதில்லை. மார்த்தாவை உருவாக்கியது தனிமையை விற்கும் சந்தை என்பது உண்மை. அதே சந்தைதான் ஜேனட்டையும் டெல்பைனையும் அவளது வாயிலுக்குக் கொண்டுவந்தது என்பதும் உண்மை. அவர்களும் அதே கட்டணத்தைச் செலுத்தி, அதே கடிதங்களைப் பெற்று, அதே நம்பிக்கையோடு கதவைத் திறந்தவர்கள். அவர்களுக்கும் மார்த்தாவுக்கும் இடையே வர்க்க வேறுபாடோ தேவை வேறுபாடோ பெரிதாக இல்லை. வேறுபாடு செயலில் இருந்தது. அச்செயலுக்கு அவள் பொறுப்பாளி.

எனவே இவ்வகைத் திரைப்படத்தை மதிப்பிடுமிடத்து, கொலைஞர் மீது அனுதாபம் எழுகின்றதா என்று மட்டும் வினவுதல் போதாது. அது யாருடைய செலவில் எழுகின்றது என்று வினவவேண்டும். கொலையுண்டவரை முகமற்றவராக்கிப் பெறும் அனுதாபம், எத்துணைப் புரட்சிகரமான ஆடை அணிந்து வரினும், நமது விமர்சனத்தின் ஆதரவைப் பெறத் தகுதியற்றது. காஸிலின் சிறு படம் கொலைஞரின் காதலை மறுக்கவில்லை; அக்காதலைப் பேசாமற் கேட்டுக்கொண்டு கிடந்த ஒரு பெண்ணின் கண்களையும் நம் முன் வைத்தது. அவ்விரண்டையும் ஒருசேரப் பார்க்கக் கற்பதே முற்போக்கு விமர்சனத்தின் பணி என நாம் கருதுகிறோம்.